அறுவடைக்கு முன்பே வாங்க ஆள்: ஒயின் கிளப்புகள் உழவருக்குச் சொல்வது

கலிபோர்னியாவில் 2024 அறுவடையின்போது, பழுத்த திராட்சைக் குலைகள் பல தோட்டங்களில் பறிக்கப்படாமல் கொடியிலேயே விடப்பட்டன. பறிகூலிகூடத் தேறாது என்று உழவர்கள் கைவிட்ட தோட்டங்கள் அவை. அந்த ஆண்டு அந்த மாநிலத்தில் ஒயினுக்காக அரைக்கப்பட்ட திராட்சை சுமார் 28 லட்சம் டன். முந்தைய ஆண்டைவிட 20 சதவீதத்துக்கும் மேல் குறைவு. விளைச்சல் குறைந்தது ஒரு காரணம். வாங்க ஆளில்லாதது இன்னொரு காரணம். பலர் கொடிகளை வேரோடு பிடுங்கிக் குவித்துவிட்டார்கள்.

பிரான்சிலும் இதே கதைதான். உலகப் புகழ்பெற்ற போர்தோ பகுதியில், கொடியைப் பிடுங்கினால் ஹெக்டேருக்கு 6,000 யூரோ தருகிறோம் என்று 2023-இல் திட்டம் வந்தது. விற்காமல் தேங்கிய ஒயினை வாங்கித் தொழிற்சாலைக்கான ஆல்கஹாலாக வடித்தெடுக்க அதே ஆண்டு அந்நாட்டு அரசு 20 கோடி யூரோ ஒதுக்கியது. சர்வதேசத் திராட்சை மற்றும் ஒயின் அமைப்பின் கணக்குப்படி, 2024-இல் உலகம் குடித்த ஒயின் சுமார் 2,142 கோடி லிட்டர். 1961-க்குப் பிறகு இவ்வளவு குறைவாக இருந்ததில்லை.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். சில மாதங்களுக்கு முன் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு பன்னீர் திராட்சைப் பந்தலுக்குக் கீழே நின்றுகொண்டிருந்தேன். கவாத்து, மருந்து, உரம் என்று பேசி முடித்த பிறகு அந்தத் தோட்டக்காரர் சொன்னார்: "காய்க்க வைக்கிறது என் பாடு சார். விலை வைக்கிறது அவங்க பாடு." கலிபோர்னியாக்காரரின் கவலையும் இதே வரிதான். அங்கே சிறிய தோட்டக்காரர்கள் சிலர் இந்தக் கவலைக்குக் கண்டுபிடித்த மருந்துகளில் ஒன்று ஒயின் கிளப். அது எப்படி வேலை செய்கிறது, அதில் சேருபவருக்கு என்ன கிடைக்கிறது, தோட்டத்துக்கு என்ன கிடைக்கிறது, எங்கே அது தோற்றது என்பதைப் பார்ப்பது திராட்சை போடாத உழவருக்கும் பயன்படும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒயின் குடியுங்கள் என்று சொல்ல இந்தக் கட்டுரை எழுதப்படவில்லை. எந்த அளவு மதுவும் உடலுக்குப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்பதை உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே அறிவித்துவிட்டது. இங்கே நாம் பார்க்கப்போவது விற்பனை முறையை.

கிளப் என்றால் என்ன?

பெயரைக் கேட்டதும் சீட்டாட்டமும் மின்விசிறியும் நினைவுக்கு வரலாம். இது அதுவல்ல. மாதப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுவதுபோல, ஒரு திராட்சைத் தோட்டத்துக்குச் சந்தா கட்டுவது. ஆண்டுக்கு இரண்டு முறையோ நான்கு முறையோ, சில இடங்களில் மாதம்தோறுமோ, குறிப்பிட்ட எண்ணிக்கையில் பாட்டில்கள் உறுப்பினரின் வீட்டுக்கு வரும். ஒவ்வொரு முறையும் அவர் ஆர்டர் போட வேண்டியதில்லை. கொடுத்து வைத்த கார்டிலிருந்து பணம் தானாக எடுத்துக்கொள்ளப்படும். 21 வயது நிரம்பிய ஒருவர் கையெழுத்துப் போட்டுத்தான் பெட்டியை வாங்க முடியும்.

கிளப்புகளில் மூன்று வகை உண்டு. முதல் வகை, தோட்டமும் ஆலையும் வைத்திருப்பவரே நடத்துவது. இரண்டாவது, வியாபாரி பல இடங்களில் வாங்கித் தொகுத்து அனுப்புவது. மூன்றாவது, குடிப்பவர்களே கூட்டுறவாகச் சேர்ந்து நடத்துவது. பெயர் ஒன்றாக இருந்தாலும் மூன்றிலும் பலன் ஒன்றல்ல. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வியாபாரி நடத்தும் வகைக்கு அமெரிக்காவில் வழி காட்டியவர்களில் ஒருவர் பால் காலெம்கேரியன். மருந்துக்கடைக்காரர். பிறகு மதுக்கடை ஒன்றை வாங்கினார். வாடிக்கையாளர்களுக்காகத் தாமே சுவைத்துத் தேர்ந்தெடுத்த ஒயின்களை மாதாமாதம் அனுப்பும் திட்டத்தை 1972-இல் தொடங்கினார். அப்போது புதிதாகத் தெரிந்த அந்த யோசனையை இன்று சிறிய ஒயின் ஆலைகள் பலவும் பின்பற்றுகின்றன.

சேருபவருக்கு என்ன லாபம்?

எல்லோரும் முதலில் சொல்வது விலைச் சலுகை. பொதுவாக 10 முதல் 20 சதவீதம் வரை தள்ளுபடி கிடைக்கும். ஆனால் உறுப்பினர்கள் கிளப்பில் நீடிப்பதற்கு அது மட்டுமே காரணமாக இருக்க முடியாது. தள்ளுபடிதான் வேண்டும் என்றால் பெரிய அங்காடியில் அதைவிட மலிவாகவே வேறு பாட்டில் கிடைக்கும்.

இரண்டாவது பலன், கடைக்கு வராத சரக்கு. சிறு தோட்டக்காரர் ஒரு குறிப்பிட்ட பாத்தியின் பழத்தில் மட்டும் 100 பெட்டி ஒயின் செய்கிறார் என்று வையுங்கள். அந்தச் சிறு அளவை எந்த மொத்த வியாபாரியும் எடுக்க மாட்டார். அது கிளப் உறுப்பினர்களுக்கு மட்டும் போகும். நம் ஊரில் வீட்டுத் தேவைக்கென்று வைத்திருக்கும் ஒற்றை மாமரத்துப் பழத்தை நெருங்கியவர்களுக்கு மட்டும் கொடுத்தனுப்புவதைப் போல.

மூன்றாவது, தோட்டத்துக்குள் நுழையும் உரிமை. உறுப்பினர் குடும்பத்தோடு போனால் ருசி பார்க்கும் கூடத்தில் பெரும்பாலும் கட்டணம் இல்லை. அறுவடை நாளில் அழைப்பு வரும். எந்த மண், எந்த ரகம், இந்த ஆண்டு மழை ஏன் கெடுத்தது என்று தோட்டக்காரரே சொல்லுவார். பெட்டியோடு வரும் துண்டுத்தாளிலும் அந்த விவரங்கள் இருக்கும். இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்தால், ஒரே நிலத்தின் பழம் ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்பது உறுப்பினருக்கே பிடிபட்டுவிடும். வேளாண்மை படித்தவன் என்ற முறையில் நான் பெரிதாக மதிப்பது இந்தப் பலனைத்தான். வெயிலும் மழையும் ஒரு பொருளில் என்ன செய்கின்றன என்று தெரிந்துகொண்ட நுகர்வோர், விலை ஏன் ஏறியது என்று உழவரிடம் சண்டைக்கு வரமாட்டார்.

நான்காவது, யாருடைய பொருள் என்ற நிச்சயம். கடையில் இருக்கும் பாட்டிலின் சீட்டில் அழகான தோட்டத்தின் படம் இருக்கும். அப்படி ஒரு தோட்டம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எங்கோ தேங்கிய ஒயினை மொத்தமாக வாங்கி, புதுப் பெயர் ஒட்டி விற்பது அந்தத் தொழிலில் சாதாரணம். தோட்டக்காரர் நடத்தும் கிளப்பில் அந்தச் சந்தேகத்துக்கு இடம் குறைவு. போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

தோட்டத்துக்கு என்ன லாபம்?

ஒரு பாட்டிலை வைத்துக் கணக்குப் பார்ப்போம். கடையில் 30 டாலர் விலையுள்ள பாட்டில். அது தோட்டத்திலிருந்து மொத்த விநியோகஸ்தர், சில்லறைக் கடை என்று இரண்டு கை மாறி வந்தால், தோட்டத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ பாதி, 15 டாலர். அதே பாட்டிலை 20 சதவீதத் தள்ளுபடியில் கிளப் உறுப்பினருக்கு அனுப்பினால் 24 டாலர். உறுப்பினருக்கு 6 டாலர் மிச்சம். தோட்டத்துக்கு 9 டாலர் கூடுதல். நடுவில் போன 15 டாலரை இருவரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

இந்த 9 டாலரும் லாபம் அல்ல. ருசிக்கூடம் நடத்த ஆள் வேண்டும். பெட்டி கட்ட வேண்டும். கணக்கு வைக்க, தொலைபேசியில் பேச, உடைந்த பாட்டிலுக்கு மாற்று அனுப்ப ஆள் வேண்டும். இடைத்தரகரை எடுத்துவிட்டால் அவர் செய்த வேலையும் சேர்ந்து போய்விடாது. அதை நாம்தான் செய்ய வேண்டும். நேரடி விற்பனையில் இறங்கும் நம் உழவர்கள் பலர் கணக்கில் எழுத மறப்பது இந்த உழைப்பைத்தான்.

கூடுதல் விலையைவிடப் பெரிய லாபம் வேறு ஒன்று உண்டு. திராட்சைக் கொடி நட்டால் முதல் மகசூலுக்கு 3 ஆண்டு ஆகும். அதன்பின் 25, 30 ஆண்டு காய்க்கும். நிலத்தில் இவ்வளவு நீண்ட காலத்துக்குப் பணத்தைப் போடுபவருக்கு, சந்தை தரும் வாக்குறுதியோ அந்தப் பருவத்துக்கு மட்டும். இந்த இடைவெளியில்தான் திராட்சை உழவர் எங்கும் விழுகிறார். ஆயிரம் உறுப்பினர்கள் உள்ள ஒரு தோட்டத்துக்கு, அடுத்த அறுவடையில் குறைந்தது எத்தனை பாட்டில் போகும் என்பது கவாத்துச் செய்யும்போதே தெரியும். எத்தனை ஏக்கரை வைத்துக்கொள்வது, எந்த ரகத்தை மாற்றுவது, வங்கியில் எவ்வளவு கேட்பது என்பதையெல்லாம் அதை வைத்து முடிவு செய்யலாம்.

இங்கே ஒரு கசப்பான உண்மையும் உண்டு. கலிபோர்னியாவில் பழைய வழக்குக் கணக்கு ஒன்று சொல்வார்கள்: ஒரு டன் திராட்சையின் விலையில் நூறில் ஒரு பங்குதான் பாட்டிலின் விலை. டன் 3,000 டாலர் என்றால் பாட்டில் 30 டாலர். ஒரு டன்னில் சுமார் 700 பாட்டில் வரும். அப்படியானால் 30 டாலர் பாட்டிலில் பழத்தின் விலை 4 டாலருக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். மத்தியப் பள்ளத்தாக்கில் பழத்தை மட்டும் பெரிய ஆலைகளுக்கு விற்கும் உழவருக்கு டன்னுக்குச் சில நூறு டாலரே கிடைக்கிறது. கொடியில் பழம் காய்ந்ததும், வேரோடு பிடுங்கியதும் அதிகம் நடந்தது இவர்களிடம்தான். கிளப் இவர்களைக் காப்பாற்றவில்லை. பழத்தைப் பொருளாக்கித் தன் பெயரில் விற்பவருக்குத்தான் அந்தக் கதவு திறக்கிறது.

சட்டம் திறந்த வழி

அந்தக் கதவும் தானாகத் திறக்கவில்லை. அமெரிக்காவில் மதுவிலக்கு 1933-இல் முடிந்தபோது, மது விற்பனையை மாநிலங்கள் மூன்று படிகளாகப் பிரித்தன. செய்பவர், மொத்த விநியோகஸ்தர், சில்லறைக் கடை. படியைத் தாண்டி விற்கப் பல மாநிலங்களில் தடை.

வர்ஜீனியா மாநிலத்தில் மிடில்பர்க் என்ற ஊரில் ஜுவானிடா ஸ்வீடன்பர்க் என்ற பெண்மணி கணவரோடு சேர்ந்து சிறிய ஒயின் தோட்டம் நடத்திவந்தார். சுற்றுலா வருபவர்கள் ருசித்துப் பார்த்துவிட்டு, ஊருக்கு அனுப்பி வைக்க முடியுமா என்று கேட்பார்கள். முடியாது, சட்டம் இல்லை என்பார் அவர். தன் நிலத்தில் விளைந்ததை, கேட்டு வந்தவருக்கு அனுப்பக்கூடாதா என்று அவர் நீதிமன்றத்துக்குப் போனார். கலிபோர்னியாவின் லோடை பகுதியைச் சேர்ந்த டேவிட் லூகாஸ் என்ற சிறு தோட்டக்காரரும் சேர்ந்துகொண்டார். வழக்கு நியூயார்க் மாநிலச் சட்டத்தை எதிர்த்தது. மிச்சிகன் மாநில வழக்கோடு சேர்த்து விசாரித்த அமெரிக்க உச்ச நீதிமன்றம், 2005 மே 16 அன்று, 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு சொன்னது. சொந்த மாநில ஆலைகள் நேரடியாக அனுப்பலாம், வெளிமாநில ஆலைகள் அனுப்பக்கூடாது என்று பாகுபாடு காட்டக்கூடாது என்பது தீர்ப்பின் சாரம். அதன்பின் பெரும்பாலான மாநிலங்கள் உரிமம், வரி, வயதுச் சோதனை ஆகிய நிபந்தனைகளோடு வழி விட்டன. இன்று கலிபோர்னியத் தோட்டம் ஒன்று நாடு முழுக்க உறுப்பினர் வைத்திருக்க முடிகிறது என்றால், அதற்குப் பின்னால் ஒரு சிறு உழவர் குடும்பத்தின் வழக்கு இருக்கிறது.

ஏற்றமும் இறக்கமும்

2020 மார்ச்சில் கொரோனா வந்து ருசிக்கூடங்களும் உணவகங்களும் மூடப்பட்டபோது, இந்த முறையின் பலம் தெரிந்தது. உணவகங்களை நம்பியிருந்த ஆலைகள் திணறின. உறுப்பினர் பட்டியல் வைத்திருந்தவர்கள் பெட்டி கட்டத் தொடங்கினார்கள். அமெரிக்க ஒயின் ஆலைகள் வீடுகளுக்கு நேரடியாக அனுப்பிய அளவு அந்த ஆண்டு 27 சதவீதம் கூடி, சுமார் 84 லட்சம் பெட்டி ஆனது. மதிப்பு 370 கோடி டாலர்.

அந்த ஏற்றம் நிலைக்கவில்லை. 2022-இலிருந்து தொடர்ந்து மூன்று ஆண்டுகள் அளவு குறைந்தது. 2024-இல் மட்டும் ஏறத்தாழ 10 சதவீதம் சரிவு. இளைஞர்கள் மதுவைக் குறைக்கிறார்கள். விலைவாசி ஏறியதும் முதலில் வெட்டப்படுவது சந்தாக்கள்தான். ஆக, கிளப் வைத்திருந்தால் சந்தை சரிந்தாலும் பாதிப்பே இராது என்று நினைக்க வேண்டாம். வெள்ளம் வரும்போது கரையைச் சற்று உயர்த்தித் தரும், அவ்வளவுதான்.

இரண்டாம் வகைக் கிளப்புகளின் கதை இன்னும் பாடமானது. விங்க் என்ற அமெரிக்க நிறுவனம் சொந்தத் தோட்டத்தை நம்பாமல், இணையத்தில் உறுப்பினர்களின் விருப்பத்தைக் கேட்டு, அதற்கேற்ற ஒயினை வெளியில் தயாரித்து அனுப்பியது. 2021 நவம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தது. 2022 டிசம்பரில் திவால் மனு போட்டது. விளம்பரத்தைப் பார்த்து வரும் உறுப்பினர், இன்னொரு விளம்பரத்தைப் பார்த்ததும் போய்விடுகிறார். அவரைப் பிடித்து வைக்க ஒரு நிலமோ ஒரு முகமோ அங்கே இல்லை.

பிரிட்டனில் 2008-இல் தொடங்கிய நேக்கட் ஒயின்ஸ் வேறு வழியைப் பிடித்தது. உறுப்பினர்கள் மாதாமாதம் ஒரு சிறு தொகையைத் தங்கள் கணக்கில் போட்டுவைப்பார்கள். அந்தப் பணத்தைக் கொண்டு சுயேச்சையான ஒயின் தயாரிப்பாளர்களுக்கு நிறுவனம் முன்கூட்டியே நிதி தரும். உழவருக்கு வட்டிக்கடைக்குப் போகும் தேவை குறையும். நல்ல யோசனைதான். ஆனால் கொரோனா காலத்து ஆர்டரைப் பார்த்து அளவுக்கு மீறிச் சரக்கைச் சேர்த்துவிட்டு, பிறகு அந்தத் தேக்கத்தைக் கரைக்க அந்த நிறுவனமும் திண்டாடியது. வெங்காயம் கிலோ 100 ரூபாய்க்கு விற்ற ஆண்டைப் பார்த்து அடுத்த ஆண்டு ஊர் முழுக்க வெங்காயம் போடும் தவற்றை, கோட்டு போட்டவர்களும் செய்கிறார்கள்.

இந்தக் கூட்டத்தில் 150 ஆண்டைத் தாண்டி நிற்பது மூன்றாவது வகையைச் சேர்ந்த ஒன்று. லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் 1874-இல் நடந்த சர்வதேசக் கண்காட்சிக்குப் போர்ச்சுகல் தோட்டக்காரர்கள் பீப்பாய்களில் ஒயின் அனுப்பியிருந்தார்கள். விளம்பரம் இல்லாததால் அது நிலவறையிலேயே கிடந்தது. அரங்கைக் கட்டிய பொறியாளர் ஹென்றி ஸ்காட், அதை விற்றுக்கொடுப்பதற்காக மதிய விருந்துகள் நடத்தினார். வந்தவர்களுக்குப் பிடித்துப்போக, நாமே கூட்டுறவாகச் சேர்ந்து வாங்கினால் என்ன என்ற பேச்சு எழுந்தது. 'தி ஒயின் சொசைட்டி' அப்படிப் பிறந்தது. இன்றும் 40 பவுண்டு கொடுத்து ஒரு பங்கு வாங்கினால் வாழ்நாள் உறுப்பினர். ஒருவருக்கு ஒரு பங்குதான். லாபத்தைப் பிரித்துக் கொடுப்பதில்லை, விலையைக் குறைக்கவும் சேமிப்பு வசதிக்கும் செலவிடுகிறார்கள். மாதம் இத்தனை வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. விற்காமல் கிடந்த உழவர் சரக்கை விற்றுக்கொடுக்கப் போய்ப் பிறந்த அமைப்பு இது என்பது கவனிக்கத்தக்கது.

சேருமுன் பார்க்க வேண்டியவை

அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ இருக்கும் உங்கள் பிள்ளைகளிடம் இப்படி ஒரு கிளப்பில் சேரும்படி யாராவது சொன்னால், அவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் சில. எந்தச் சந்தாத் திட்டத்துக்கும் இவை பொருந்தும்.

தோட்டம் எங்கே இருக்கிறது, போய்ப் பார்க்க முடியுமா? முதல் பெட்டிக்குச் சொல்லும் விலை இரண்டாவது பெட்டிக்கும் உண்டா? எத்தனை பெட்டி வாங்கிய பிறகுதான் விலகலாம் என்று நிபந்தனை இருக்கிறதா? ஒரு முறை வேண்டாம் என்று தள்ளிவைக்க முடியுமா? அனுப்பும் கூலி விலையில் சேர்ந்ததா, தனியா? இந்த ஐந்துக்கும் நேரான பதில் இல்லாத கிளப்பில் பெரும்பாலும் உறுப்பினரின் மறதிதான் முதலாளி. வெளியேறும் கதவை ஒளித்து வைத்த கிளப்பில் சேராமல் இருப்பதே நல்லது.

நம் மாநிலத்தில் இதற்கு இடமில்லை. மது மாநிலங்களின் அதிகாரப் பட்டியலில் உள்ள பொருள். தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் வழியாகத்தான். உரிமம் இல்லாமல் ஒயின் தயாரிப்பதும் விற்பதும் குற்றம். ஒயின் தோட்டங்கள் நிறைந்த மகாராஷ்டிரத்தில்கூட, பெரிய அங்காடிகளில் ஒயின் விற்கலாம் என்று 2022 ஜனவரியில் அமைச்சரவை எடுத்த முடிவு எதிர்ப்பால் நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே, கம்பத்தில் ஒயின் கிளப் என்று யாரும் கனவு காண வேண்டாம். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒயினை அல்ல, கிளப்பை.

கம்பம் பள்ளத்தாக்கில் என்ன செய்யலாம்?

நேரடி விற்பனை நமக்குப் புதிதல்ல. 1999-இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோதே உழவரும் நுகர்வோரும் நேருக்கு நேர் நின்றுவிட்டார்கள். ஆனால் உழவர் சந்தையில் வாங்குபவர் யார் என்பது அன்று காலையில்தான் தெரியும். கிளப்பில் அது பருவத்துக்கு முன்பே தெரியும். அந்த ஒரு படியைத்தான் நாம் ஏற வேண்டும்.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குளிர் நாடுகளில் திராட்சை குளிர்காலத்தில் உறங்கிவிடும், ஆண்டுக்கு ஒரே அறுவடை. நம் பள்ளத்தாக்கில் கொடிக்கு அந்த உறக்கம் இல்லை. கவாத்துச் செய்த நான்கு மாதத்தில் பழம் வந்துவிடும். கவாத்து நாளை மாற்றினால் அறுவடை நாளும் மாறும். தோட்டத்தைப் பகுதிகளாகப் பிரித்து, சில வார இடைவெளியில் ஒவ்வொன்றாகக் கவாத்துச் செய்தால், ஆண்டின் பெரும்பகுதிக்குத் தொடர்ந்து பழம் கொடுக்கலாம். கலிபோர்னியாக்காரர் ஒயினாக்கிப் பீப்பாயில் அடைத்துப் பெறும் தொடர்ச்சியை நாம் கத்தரிக்கோலால் பெறலாம்.

அளவையும் கணக்குப் போட்டுவிடுவோம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கையேட்டின்படி பன்னீர் திராட்சையின் விளைச்சல் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 30 டன். ஏக்கருக்கு 12 டன் என்று வைத்துக்கொள்ளலாம். தேனியிலோ மதுரையிலோ 50 குடும்பங்கள் வாரம் 2 கிலோ வீதம் வாங்கினால் வாரத்துக்கு 100 கிலோ. ஆண்டுக்கு 5.2 டன். ஓர் ஏக்கர் விளைச்சலில் பாதிகூட இல்லை. 3 ஏக்கர் வைத்திருப்பவருக்கு இது ஏழில் ஒரு பங்கு. எனவே முதல் நாளே மண்டியைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். ஏழில் ஒரு பங்குக்கு விலை நிச்சயம் என்றால், மிச்சத்தைப் பேரம் பேசும்போது குரல் சற்று உறுதியாக வரும். அதுவே முதல் கட்டத்துக்குப் போதும்.

எல்லாக் குடும்பமும் ஆண்டு முழுக்கத் திராட்சையே சாப்பிடாது என்பதும் தெரிந்ததே. அதனால் தனியாளாக இறங்குவதைவிட, உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகவோ, நான்கைந்து அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் சேர்ந்தோ செய்வது நல்லது. பள்ளத்தாக்கில் வாழை இருக்கிறது, தென்னை இருக்கிறது, காய்கறி இருக்கிறது. ஒரே கூடையில் இவை மாறி மாறிப் போனால் உறுப்பினருக்கும் சலிக்காது.

செய்ய நினைப்பவர்களுக்கு நான்கு யோசனைகள்.

ஒன்று, ஆண்டு முழுமைக்கும் பணம் வாங்காதீர்கள். ஒரு பருவத்துக்கு, அதிலும் பாதியை மட்டும் முன்பணமாக வாங்குங்கள். திருப்பித் தர முடியாத பணத்தைத் தொடாதீர்கள்.

இரண்டு, மழை கெடுத்தால் என்ன என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பழுக்கும் நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடிக்கும். ஈரக்காற்றில் அடிச்சாம்பல் நோய் தாக்கும். அந்த வாரங்களில் பழம் வராது, பதிலுக்கு இன்னது வரும், அல்லது பணம் அடுத்த பருவத்துக்குப் போகும் என்று சொல்லி வைத்துவிட்டால் மனக்கசப்பு வராது.

மூன்று, மருந்துக் குறிப்பேடு வையுங்கள். என்ன மருந்து, எந்தத் தேதி, கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் எத்தனை நாள் இடைவெளி என்பதை எழுதி, கேட்பவரிடம் காட்டுங்கள். மண்டியில் இதை யாரும் கேட்கமாட்டார்கள். வீட்டில் குழந்தைக்குக் கொடுக்கிறவர் முதல் கேள்வியாகக் கேட்பார். இதில் சந்தேகம் இருந்தால் ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையத்தை அணுகலாம்.

நான்கு, பருவத்துக்கு ஒரு நாளாவது உறுப்பினர் குடும்பங்களைப் பந்தலுக்குக் கீழே வரவழையுங்கள். குழந்தைகள் கையால் ஒரு கொத்தைப் பறிக்கட்டும். கவாத்து எப்படிச் செய்கிறோம் என்று பார்க்கட்டும். விங்க் போன்ற நிறுவனத்திடம் இல்லாமல் போனது இதுதான். உங்களிடம் இது ஏற்கெனவே இருக்கிறது.

பன்னீர் திராட்சை பறித்தால் அதிக நாள் தாங்காது. ஒயின்போலப் பெட்டியில் கட்டி நாட்டின் மறுகோடிக்கு அனுப்ப முடியாது. நம் கிளப்பின் எல்லை, விடியற்காலையில் புறப்படும் வண்டி காலை உணவுக்கு முன் போய்ச் சேரும் தூரம்தான். அது குறையாகத் தோன்றலாம். ஆனால் அந்தத் தூரத்துக்குள் தேனி, திண்டுக்கல், மதுரை என்று பல லட்சம் பேர் வாழ்கிறார்கள். அவர்களில் உங்களுக்கு வேண்டியது 50 குடும்பம்.

அந்தத் தோட்டக்காரரிடம் இந்தக் கணக்கையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "அம்பது வீட்டுக்கு நான் எங்க சார் போறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவருடைய மகள் மதுரையில் வேலை பார்க்கிறார், அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறார் என்று பேச்சுவாக்கில் அவரே சொல்லியிருந்தார். அந்தக் குடியிருப்பில் எத்தனை வீடுகள் என்று கேட்டேன். தெரியாது, இன்று இரவே கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

அடுத்த கவாத்துக்கு முன் நீங்களும் அப்படி ஒரு பட்டியலை எழுதிப் பாருங்கள். பத்துப் பெயர் தேறினாலும் பரவாயில்லை, அங்கிருந்து தொடங்கலாம்.